வீட்டுக்காரர் கடிதம்

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்குக் கோபப்பட என்ன உரிமை இருக்கிறது என்று என் நாத்தனார் கேட்பாள். "அவங்க பேப்பர் கேக்கக் கேக்க உனக்குத்தானே அண்ணி வியாபாரம்" என்பாள். வாஸ்தவம்தான். சேர்க்கை நடக்கிற மாதத்தில் என் மெஷினுக்குச் சூடு ஆறுவதே இல்லை. பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று, வருமானச் சான்று, அப்பாவின் அடையாள அட்டை, அம்மாவின் அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் காப்பி, கையெழுத்து வாங்கின காப்பிக்கு இன்னொரு காப்பி. ஆனால் அந்த மாதத்துக் காசு மட்டும் எனக்கு உடம்பில் ஒட்டுவதில்லை. கார் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பள்ளிக்கு வருவதில்லை. கூலியை விட்டுவிட்டு, மேஸ்திரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் வருகிறார்கள். அவர்களைத்தான் "அது இல்ல, இது இல்ல, நாளைக்கு வா" என்று நாயாய்ப் பேயாய் அலைய விடுகிறார்கள்.

அப்படி அலைந்தவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அவளைத் தெருவில் எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம். ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வந்த சட்டையில் நூல் துணுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்தப் பிசிறை வெட்டுவதுதான் அவள் வேலை. காலையிலிருந்து நின்றுகொண்டே சட்டையைப் புரட்டுவாள், காலருக்குள், கைமடிப்புக்குள், பட்டன் ஓட்டைக்குள் என்று விரலை விட்டுத் தடவிப் பிசிறைப் பிடித்து நறுக்குவாள். விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கத்திரி, நாடாவில் கோத்துக் கழுத்தில் எப்போதும் தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கை சும்மா இருக்காது. என் ஜாக்கெட் தோளில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை இழுத்து வெட்டிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவாள்.

"எங்க சூப்பர்வைசருக்கு நாக்குலயே பிசிறுக்கா. அதை வெட்ட இந்தக் கத்திரி பத்தாது" என்பாள். வாய்க்கொழுப்புக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை.

அவள் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பாதிப் படிப்பில் நிறுத்தினார்கள். வயது வந்ததும் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். "வண்டியைப் பூ மாதிரி ஓட்டுவான்க்கா. பொண்டாட்டின்னா மட்டும் கை நீளும்" என்பாள். கை நீண்டது, பிறகு கால் நீண்டது, பிறகு ஒரு நாள் கையில் கிடைத்த ஸ்பேனர் குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் சுவரில் வந்து விழுந்தது. அன்றைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள் முதலில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். அந்த பஸ் கடைசியாக நின்ற இடம்தான் எங்கள் ஊர். இறங்கும்போது கண்டக்டரிடம், "அண்ணே, இங்க பொம்பளைங்களுக்கு வேலை குடுக்கற இடம் எது?" என்று கேட்டிருக்கிறாள். அவர் கம்பெனி இருக்கிற பக்கம் கையைக் காட்டினார். அவ்வளவுதான், பிழைப்பு ஆரம்பித்துவிட்டது.

மகளுக்கு வாலு என்று பெயர். சான்றிதழில் வேறு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறந்துவிடுவார்கள்.

என் கடையிலிருந்து மூன்றாவது கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு தகரக் கூரை அறை. அங்கேதான் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். ஒரு கதவு, கம்பி போட்ட ஒரு ஜன்னல். கம்பெனிக்குள் குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வைக்க அவள் சம்பளம் இடம் கொடுக்காது. அதனால் டப்பாவில் சோறும் குடத்தில் தண்ணீரும் வைத்து, பிள்ளையை உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போவாள். கேட்கிறவர்களுக்குக் கசக்கும், எனக்கும் கசந்தது. "வேற என்னக்கா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். நாள் முழுக்க மெஷினை விட்டு நகர முடியாத நான், பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

வாலு அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே தெருவை ஆண்டாள். "ஜெராக்ஸ் அத்தை! மெஷின் ஓடுதா?" என்று மேலேயிருந்து குரல் வரும். "தண்ணி லாரி வந்துருச்சு, எல்லாரும் ஓடியாங்க!" என்று அறிவிப்பாள். போகிற வருகிறவனை எல்லாம் மாமா, சித்தப்பா என்று முறை வைத்துக் கூப்பிடுவாள். கீழே குடியிருந்த வீட்டு ஓனருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. "பிள்ளையா இது, லவுட் ஸ்பீக்கரா? வேற இடம் பாத்துக்கோம்மா" என்று அடிக்கடி முனகுவார்.

பிறகு ஒரு நாள் அந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே மின்சார மீட்டர் பெட்டி புகைந்தது. கரும்புகை படியேறி மேலே போகிறது, தெருவே கூடிவிட்டது, மேலே பிள்ளை உள்ளே பூட்டிக் கிடக்கிறாள். சாவி கம்பெனியில் அவள் இடுப்பில். கம்பெனி வாசலோ சாப்பாட்டு மணி அடித்தால்தான் திறக்கும். அப்போதும் அந்தப் பிள்ளை கத்தவில்லை, ஜன்னலில் நின்று, "அத்தை, நான் எப்படி வெளிய வரணும்?" என்று கேட்டாள். முனகிக்கொண்டே இருந்த அந்த ஓனர்தான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடிப் பூட்டை உடைத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அன்று சாயங்காலம் கத்திரி உடைந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் என் கடையில் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்காமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

"ஸ்கூல்ல சேத்துடறேன்க்கா. வயசு தாண்டிப் போச்சு. எப்படியாவது இந்த வருஷம் சேத்துடணும். இனிமே அவளை உள்ள வச்சுப் பூட்ட என் கை வராது" என்றாள்.

அவளுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். பகலில் தன் பிள்ளை இருக்க, பூட்டுப் போடாத ஓர் அறை. அது ரோட்டைத் தாண்டினால் இருந்தது. பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது.

பள்ளி அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இருந்தார். எல்லோரும் கிளார்க் சார் என்பார்கள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், லஞ்சம் வாங்க மாட்டார். ஆனால் கவுன்டரில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது. காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுவார். காகிதம் இல்லாதவரிடம் பேனாவைப் பார்த்துப் பேசுவார். அரைநாள் லீவு சொல்லிவிட்டு கத்திரி அவர் முன்னால் போய் நின்றாள். பிறப்புச் சான்று இருந்தது. தடுப்பூசி அட்டைக்கு ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கியிருந்தாள். தன் அடையாள அட்டையும் வைத்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் புரட்டினார். அடுத்து நடந்ததை அவள் அன்றே வந்து என்னிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள்.

"வீட்டுக்காரர் லெட்டர் எங்கம்மா?"

"அவரு இங்க இல்ல சார். வேற ஊர்ல இருக்காரு."

"அதனால என்ன? பஸ் இல்லையா? போய் வாங்கிட்டு வா."

"எங்களுக்குள்ள ஒத்துவரல சார்."

"யாருக்குத்தான் ஒத்துவருது? எனக்கும்தான் மாசாமாசம் தகராறு. கையக் காலைப் பிடிச்சாவது வாங்கிட்டு வா. அவர் கையெழுத்து இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது."

"நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேனே சார்?"

"நீ போட்டா செல்லாது. தனக்கு ஆட்சேபணை இல்லைன்னு அவர் எழுதணும். அட்ரஸ் தெளிவா இருக்கணும், சொல்லிட்டேன். அடுத்த ஆள் வாங்க."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பெற்று வளர்த்தவள் கையெழுத்துச் செல்லாதாம், அடித்துத் துரத்தினவன் ஆட்சேபணை இல்லை என்று எழுத வேண்டுமாம். "நீ இரு, நான் போய் அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினேன்.

கத்திரி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "வேணாம்க்கா. சண்டை போட்டா சீட்டு போயிடும். மாசக் கடைசிக்குள்ள சேர்க்கலேன்னா அடுத்த வருஷம்தான்னு சொல்லிட்டாரு. வாலுவை மட்டும் நாளைக்குப் பாத்துக்கறீங்களா?"

"நீ அங்க போகப் போறியா? பைத்தியமாடி உனக்கு?"

"பகல்ல போறேன், பஸ் ஸ்டாண்டுலயே நின்னு பேசறேன், கையெழுத்தை வாங்கிட்டு வந்துடறேன். பொது இடத்துல என்ன பண்ணிடுவான்?" என்றாள்.

போனாள். வாலு அன்று முழுக்க என் கடையில் இருந்தாள். பேப்பர் கட்டுக்களை எண்ணினாள், வந்த வாடிக்கையாளர்களிடம் "நல்லா இருக்கீங்களா, என்ன காப்பி வேணும்" என்று விசாரித்தாள், என் புருஷனின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தாள். அம்மா எங்கே என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. சாயங்காலம் ஆனதும் மட்டும் கடை வாசலை விட்டு நகரவில்லை.

கத்திரி மறுநாள்தான் திரும்பி வந்தாள். கீழுதடு வீங்கி ஒரு பக்கம் கறுத்திருந்தது. காதில் கம்மல் இல்லை. என்னைப் பேச விடாமல், கையிலிருந்த காகிதத்தை முதலில் நீட்டினாள். "வாங்கிட்டேன்க்கா" என்றாள். பேச வாய் சரியாக வரவில்லை, அப்படியும் சிரிக்கப் பார்த்தாள். உதடு இடம் கொடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பேச முடியாது, வீட்டுக்கு வா என்று கூட்டிக்கொண்டு போனானாம். எழுதித் தருகிறேன், எங்கே இருக்கிறீர்கள் சொல் என்றானாம். அவள் முதலில் சொல்லவில்லை. பிறகு, எழுத்தர் அட்ரஸ் தெளிவாக இருக்க வேண்டும் என்று சொன்னது ஞாபகம் வந்து சொல்லிவிட்டாள். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எந்தப் பள்ளி எல்லாம். கையெழுத்துப் போடும் முன் உதட்டுக்கும், போட்ட பின் கம்மலுக்கும் கை நீண்டிருக்கிறது.

அடுத்த நாள் காலையில் அவள் பள்ளிக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். ஆபீஸ் கேட்டிருந்த படிவக் கட்டைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சாக்கு. கவுன்டரில் வரிசை நின்றது. எழுத்தர் கடிதத்தை வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"என் மனைவியும் மகளும் மேற்படி முகவரியில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை... என்னம்மா இது? இதை யார் எழுதினது?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

"இவரா வீட்டுக்காரர்? இவருக்கா நீ வாடகை குடுக்கற?"

கத்திரிக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. பிறகு அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "நான் கேட்டது வீட்டு ஓனர் லெட்டர்மா! நீ குடியிருக்கற வீட்டோட ஓனர்! முகவரிச் சான்றுக்கு! உன் புருஷன்கிட்ட யார் லெட்டர் கேட்டா?"

வரிசையில் இரண்டு பேர் குபீரென்று சிரித்துவிட்டார்கள். எழுத்தருக்கும் சிரிப்பு வந்தது. கத்திரி சிரிக்கவில்லை. கையைக் கொண்டுபோய் வீங்கின உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"எதுக்கு சார் சிரிக்கறீங்க? அவ வாயைப் பாருங்க. தலையை நிமித்தி ஒரு தடவை அவ மூஞ்சியைப் பாருங்க. நீங்க கேட்ட லெட்டருக்கு அவ குடுத்த விலை அது."

"இதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? நான் தமிழ்லதானே சொன்னேன்? அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா?"

"தப்பாவா? புருஷன் வேற ஊர்ல இருக்கான், ஒத்துவரலேன்னு அவ சொன்னப்ப எந்த ஓனரைப் பத்திச் சொல்றான்னு நினைச்சீங்க? கையக் காலைப் பிடின்னு சொன்னீங்களே, யாரு கால்னு கேட்டீங்களா? வாடகை வாங்கறவனும் வீட்டுக்காரன், தாலி கட்டினவனும் வீட்டுக்காரன். ரெண்டுல ஒருத்தன் எழுதிக் குடுக்காம ஒரு பொம்பளை ஒரு இடத்துல இருக்கான்னே நம்ப மாட்டீங்க. அதுதானே சார் விஷயம்?"

அன்றிலிருந்து என் புருஷனை நான் வீட்டுக்காரர் என்று சொல்வதில்லை. அவர் என் புருஷன். வீடு இரண்டு பேருக்கும் சொந்தம்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை உள்ளறையிலிருந்து வந்தார். கத்திரியின் முகத்தைப் பார்த்தார். கடிதத்தையும் வாங்கிப் பார்த்தார். வீட்டு ஓனரிடம் கடிதம் வாங்க முடியுமா என்று கத்திரியிடம் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். "குடுக்க மாட்டார் மேடம். வாடகைக்கு விட்டிருக்கேன்னு எழுதிக் குடுத்தா வரி ஆபீஸ்காரன் வந்துடுவான்னு பயம். இந்தத் தெருவுல எந்த ஓனரும் குடுக்க மாட்டார்."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். எழுத்தர் பக்கம் திரும்பி, "குழந்தையைச் சேர்த்துக்குங்க. பேப்பரை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

"அப்படிச் செய்யலாமா மேடம்?"

"செய்யலாமேங்க. பேப்பர் இல்லேன்னு எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு வந்து எவ்வளவு நாளாச்சு."

அதுவரை வாயைத் திறக்காத கத்திரி அப்போதுதான் பேசினாள். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "அப்ப அன்னிக்கே சேத்திருக்கலாமா மேடம்?"

"சேர்த்திருக்கலாம்மா."

"அப்புறம் நான் எதுக்கு மேடம் அவன்கிட்ட போனேன்?"

எழுத்தர் பேனா மூடியைத் தேடினார். தலைமையாசிரியை தரையைப் பார்த்தார். வரிசையில் சிரித்தவர்கள் தங்கள் காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார்கள்.

வாலு பள்ளியில் சேர்ந்தாள். அந்தச் சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். முதல் வாரமே டீச்சர் கத்திரியைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு வகுப்புல ஒரு நிமிஷம் வாயை மூடறதில்லை. நான் பாடம் நடத்தறதா, அவ நடத்தறதா?" என்று புகார் சொன்னார். கத்திரி அந்தப் புகாரைத் தெரு முழுக்க விருது வாங்கின மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாள். பள்ளி விட்டதும் வாலு ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்துவிடுவாள். அம்மா வேலை முடிந்து வரும்வரை கல்லாப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து எழுத்துக்களைச் சத்தம் போட்டுப் படிப்பாள். மொட்டை மாடி அறை பகலில் காலியாகப் பூட்டிக் கிடந்தது. கத்திரி ஒரு சுற்றுப் பூசினாற்போல் ஆனாள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளை உறுத்தியது. அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டாள். "அதான் தேவையில்லைன்னு ஆயிடுச்சே சார், குடுத்துடுங்களேன்" என்றாள். எழுத்தர் அதை ஏற்கனவே விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடித்துவிட்டார். "ஃபைல்ல வச்சது வெளிய வராதும்மா" என்றார். எதற்கும் உதவாத காகிதத்துக்குக்கூட அங்கே அவ்வளவு பாதுகாப்பு.

மழைக்காலம் பிறந்திருந்தது. ஒரு பகலில், தலையைப் படிய வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஓர் ஆள் என் கடைக்கு வந்தான். அடையாள அட்டையை நீட்டி, "அக்கா, இதுல ஒரு காப்பி போடுங்க" என்றான். மரியாதையான குரல். மெஷினில் வைத்துக்கொண்டே பேச்சுக்கு, "ஸ்கூலுக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. எம்பொண்ணு இங்கதான் படிக்குது. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எந்த கிளாஸ்?"

"அது தெரியலக்கா. ஆபீஸ்ல கேட்டாத் தெரியும்ல" என்று சிரித்தான்.

அவன் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பேப்பர் சிக்கிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று சமாளிக்கப் பார்த்தேன். "அப்ப வேணாம்க்கா, நேரமாகுது" என்று அட்டையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டான். கத்திரியின் போன் கம்பெனி லாக்கரில் கிடக்கும், அடித்துப் பயனில்லை. என் புருஷனை வண்டியில் கம்பெனிக்கு விரட்டினேன். "வாசல்ல விட மாட்டாங்கன்னா கத்துங்க. ஊரைக் கூட்டுங்க. அவளைக் கூட்டிட்டுத்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு, ஷட்டரைக்கூட இழுக்காமல் பள்ளிக்குள் ஓடினேன்.

நான் போவதற்குள் எழுத்தர் வாலுவை வகுப்பிலிருந்து அழைத்துவரச் செய்துவிட்டார். பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். தலைமையாசிரியை ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்.

"யாரு அத்தை இவரு? அப்பான்னு சொல்றாரு" என்று என்னைக் கேட்டாள்.

நான் அவளைப் பிடித்து எனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "சார், எதை வச்சு அனுப்பறீங்க?"

"அப்பாம்மா அவரு. ஃபைல்ல அவர் லெட்டர் இருக்கு, கையெழுத்து ஒத்துப்போகுது. முறையாத்தான் வந்திருக்காரு."

அட கடவுளே! உள்ளே வருவதற்குப் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, அந்தச் சான்று, இந்தச் சான்று. வெளியே தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு கையெழுத்து. அதுவும் இவர்களே கேட்டு, அவளை அடிவாங்க வைத்து, வரவழைத்த கையெழுத்து. நான் அப்படியே வாசலை மறித்து நின்றேன். "அம்மா வராம இந்தப் பிள்ளை இந்த ரூமை விட்டு நகராது. நகத்திப் பாருங்க" என்றேன்.

கத்திரி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. அவன் அவளைப் பார்த்துக் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிதானமாகச் சொன்னான்: "எதுக்கு எல்லாரும் பதறறீங்க? நான் தேடி வந்தேனா? நீயே வந்துதானே அட்ரஸ் குடுத்த?"

எழுத்தர் ஃபைலை மூடினார். "குடும்ப விஷயம்னா வெளிய போய்ப் பேசிக்குங்கம்மா" என்றார்.

அதற்குள் சமையல்காரம்மா, வாசலில் நின்ற பெற்றோர்கள், என் புருஷன் எல்லோரும் கூடிவிட்டதால் அவன் எதுவும் செய்யவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டான். போகும்போது, "வீடு எங்கன்னு தெரியும். சாயங்காலம் வரேன்" என்று மட்டும் சொன்னான்.

போலீசுக்குப் போகலாம் வா என்றேன். கத்திரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "அவங்க மட்டும் பேப்பர் கேக்க மாட்டாங்களாக்கா?" என்றாள். அவன் சாயங்காலம் வருவதற்குள் இரண்டு பையும் பிள்ளையுமாகக் கிளம்பிவிட்டாள். எங்கே என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது வாலு, "அத்தை, டீச்சர்கிட்ட நாளைக்கு வர மாட்டேன்னு சொல்லிடுங்க, திட்டப் போறாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "அக்கா, நல்லா இருக்கோம். இங்கயும் ஒரு கம்பெனியில சேந்துட்டேன். ஸ்கூல்ல கேட்டேன்க்கா. முன்னாடி படிச்ச ஸ்கூல்ல டி.சி. வாங்கிட்டு வரணுமாம்" என்றாள். பிறகு, "வாலுவை மறுபடி உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான்க்கா வேலைக்குப் போறேன்" என்றாள்.

அவள் சொன்ன அட்ரஸை ஒரு கவர் மேல் எழுதி எடுத்துக்கொண்டு, நான் அப்போதே ரோட்டைத் தாண்டினேன்.

"டி.சி. வேணும்னா அம்மா நேர்ல வரணும்" என்றார் எழுத்தர், பேனாவைப் பார்த்தபடி. "அவங்களால வர முடியலேன்னா அப்பா வரட்டும். அவர் கையெழுத்துத்தான் இங்க இருக்கே."

இந்த ஆளோடு கத்திப் பிரயோஜனம் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புத்தியில் உறைத்தது. கவுன்டருக்கு முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "மேடம் வரட்டும்" என்றேன். "நேரமாகும்மா" என்றார். "ஆகட்டும்" என்றேன். வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடையிலிருந்து என் புருஷன் சாப்பிட வரச்சொல்லிக் கையசைத்தார், நான் எழுந்திருக்கவில்லை.

தலைமையாசிரியை வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், அவர் கூட்டத்துக்குப் போயிருந்த நாளில் நடந்ததையும் சேர்த்து. அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கேட்டு முடித்ததும் எழுத்தரைப் பார்த்து, "டி.சி. புத்தகத்தை எடுங்க" என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"எந்த ஊருக்கு மாறிப் போறாங்கன்னு இங்க எழுதணும் மேடம்."

"எழுத வேண்டாம்."

"காலியா விட்டா ஆடிட்ல கேப்பாங்க மேடம். எந்தக் கட்டத்தையும் காலியா விடக் கூடாது."

"இந்தக் கட்டம் காலியா இருந்தாத்தான் அந்தக் குழந்தை பத்திரமா இருக்கும். கேட்டா என்கிட்ட அனுப்புங்க" என்று சொல்லி, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, காலிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம், "இன்னிக்கே அனுப்பிடுங்கம்மா" என்றார்.

நான் தயாராக எழுதிக் கொண்டுபோயிருந்த கவருக்குள் டி.சி.யை வைத்து ஒட்டினேன். எழுத்தர் எட்டிப் பார்த்தார். பழக்கம் விடுமா?

"கவர் மேல அட்ரஸ் எழுதியிருக்கீங்கல்ல? அதை ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. அனுப்பினதுக்கு ஆதாரமா ஃபைல்ல வைக்கணும்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் புருஷன் யாருக்கோ முழுப் புத்தகத்தையும் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அலுவலக அறைவரை கேட்டது.

"மெஷின் ரிப்பேர்" என்றேன்.

"ஓடற சத்தம் கேக்குதேம்மா?"

"இந்த அட்ரஸுக்கு ரிப்பேர்தான் சார்."

அவர் நிமிர்ந்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். நான் கவரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்தேன்.